கொடிக்கம்பத்தில் கட்டுண்ட ஸ்கௌட் மாஸ்டர்

"எங்க வூட்டுக்காரர கொடிக்கம்பத்துல வச்சு கட்டிப்போட்டுகீறாங்க சார். கயித்த அறுக்கலாம்னா அதுக்கும் வுட மாட்டேன்றாரு. நீங்க வந்து இன்னான்னு கொஞ்சம் கேளுங்களேன்."

போனில் இதைச் சொன்ன ரோசி அழவில்லை, பதறவில்லை. ரேஷன் கடை வரிசையில் அரைநாள் நின்றவளுக்கு இருக்கும் அலுப்புதான் அவள் குரலில் இருந்தது.

உஸ்மா ஸ்பீக்கரைப் போட்டு போனை மேசைமேல் வைத்தாள். எதிரே வரதன் கடித்துக்கொண்டிருந்த பன் பட்டர் ஜாமைப் பாதியில் நிறுத்தினார். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் நடக்கும் 'வரதன் துப்பறியும் நிலைய'த்துக்கு முதலாளி அவர். ஊழியர் கூட்டம் என்று சொன்னால் அது உஸ்மா ஒருத்திதான். துப்பறிவது அவர், ஸ்கூட்டர் ஓட்டுவது அவள், வாயாடுவதும் அவள்.

"போலீஸ்ல சொன்னீங்களாம்மா?" என்றார் வரதன்.

"வந்தாங்க. கத்திய எடுத்தாங்க. கயித்துல கை வச்சா உங்க மேலயே கம்ப்ளெயிண்ட் குடுப்பேன்னாரு. பூட்டாங்க."

"பாஸ், இது நம்ம கேஸுதான்" என்று உஸ்மா ஹெல்மெட்டை எடுத்தாள். "போலீஸே தலைல அடிச்சுகினு போன கேஸுதான நம்மள்ட்ட வருது."

ராயபுரத்தில் மாதா கோவிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி ஒன்றரை. நட்ட நடு மைதானத்தில் கொடிக்கம்பம். கம்பத்தோடு சேர்ந்து கஸ்பார்.

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சாரணர் குழுவுக்கு மாஸ்டர். சாரணியர் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட ஜானட் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து ஆறு மாதமாக அதுவும் அவர் தலையில்தான். காக்கி உடுப்பு, கழுத்தில் ஸ்கார்ஃப், தலையில் தொப்பி எல்லாம் ஒழுங்காக இருந்தன. இடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு தேங்காய் நார்க்கயிறு கம்பத்தோடு அவரை இறுக்கிப் பிடித்திருந்தது. தொப்பையில் பாதி கயிற்றுக்கு மேலே, பாதி கீழே. கைகள் இரண்டும் சும்மாதான் இருந்தன. ஒரு கையில் டீ கிளாஸ்.

அவரைச் சுற்றி பன்னிரண்டு பிள்ளைகள் விறைப்பாக வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் கலையச் சொல்லாததால் காலையிலிருந்து அப்படியேதான் நிற்கிறார்களாம்.

"எத்தினி மணிக்கு கட்டினாங்க?" வரதன் நோட்டைத் திறந்தார்.

"ஆறு, ஆறே கால் இருக்கும்."

"யாரு?"

"பாக்கல."

"உங்கள கட்டறப்ப நீங்க எந்தப் பக்கம் பாத்துகினு இருந்தீங்க?" என்றாள் உஸ்மா.

"கண்ண மூடி ஜெபம் பண்ணிகினு இருந்தேன். ஆமென்னு சொல்லி கண்ண தொறந்தா, கட்டி கீது."

"ரொம்ப நீட்டு ஜெபமோ?"

"வூட்டுல சோத்துக்கு முன்னாடி மூணு செகண்டு பண்ணுவாரு" என்றாள் பக்கத்தில் நின்ற ரோசி. "அதுவும் மீன் கொழம்புன்னா ரெண்டு."

கஸ்பார் அவளை முறைத்தார். முறைக்கத்தான் முடியும், நகரவா முடியும்.

வரதனுக்கு யோசனை வந்தால் உட்கார்ந்தாக வேண்டும். கம்பத்தின் சிமெண்ட் மேடையில் உட்காரப் போனார். காதைக் கிழிக்கிற மாதிரி விசில். கஸ்பார் விசிலை வாயிலிருந்து எடுத்து, எதிர்ச் சுவரைக் காட்டினார். அவர் கையாலேயே பெயிண்டில் எழுதிய மூன்று விதிகள் அங்கே இருந்தன.

கயிற்றை அறுக்காதே.

கொடிக்கு அடியில் உட்காராதே.

ஷூ இல்லாமல் மைதானத்தில் கால் வைக்காதே.

"அறுத்தவன, உக்காந்தவன, வெறுங்காலோட வந்தவன இருபத்திரண்டு வருசத்துல ஒருத்தனையும் நான் குழுவுல வச்சதில்ல" என்றார் கஸ்பார்.

உஸ்மாவின் கண் மூன்றாவது விதியிலிருந்து மெதுவாக இறங்கி அவர் காலுக்குப் போனது. இடது காலில் பளபளப்பான கறுப்பு ஷூ. வலது கால் வெறுங்கால். கழற்றின ஷூ பக்கத்தில் நேராக வைக்கப்பட்டிருந்தது. சாக்ஸ் அழகாக மடித்து அதற்குள் செருகியிருந்தது.

"இது இன்னா மாஸ்டர், ஒத்த ஷூ?"

"எறும்பு கடிச்சுது."

"சாக்ஸ மடிச்சு வைக்கறவரைக்கும் வெயிட் பண்ணிட்டு கடிச்சுதா?"

கஸ்பார் டீயைக் குடித்தார்.

முடிச்சு அவர் வயிற்றுக்கு முன்னால் இருந்தது. ஒரு குழந்தையின் முஷ்டி அளவு. காலையிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளும் புத்தகத்தைப் பார்த்து ஆளுக்கொரு கை இழுத்ததில் அது இறுகிப் போயிருந்தது. ரோசி எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். அணித் தலைவன் பென்னி தண்ணீர் ஊற்றியிருக்கிறான். நார்க்கயிறு ஈரத்தில் இன்னும் இறுகி, மனிதர் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஜோதிகா முடிச்சு சார்" என்றான் பென்னி, விறைப்பு கலையாமலே.

விஷயம் இதுதான். ஜோதிகா காத்திவாக்கத்திலிருந்து ரயிலில் வரும் மீனவக் குடும்பத்துப் பெண். வயது பதினைந்து. இன்று மாலை ஐந்து மணிக்கு மாவட்டத் தேர்வாளர் ராஜ்ய புரஸ்கார் விருதுக்குத் தேர்வு வைக்க வருகிறார். மாஸ்டர் கையெழுத்துப் போட்ட கார்டு இருந்தால்தான் தேர்வில் நிற்கலாம். வியாழக்கிழமை நடந்த ஒத்திகையில் கம்பத்தில் கயிறு கட்டச் சொன்னபோது, அவள் புத்தகத்து முடிச்சை விட்டுவிட்டு அவர்கள் ஊரில் வலைக்கு மிதவை கட்டும் முடிச்சைப் போட்டிருக்கிறாள். புத்தகத்தில் இல்லாத முடிச்சு என்று கஸ்பார் கையெழுத்துப் போடவில்லை. இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

இன்று காலை மாஸ்டர் வயிற்றில் அந்த முடிச்சைப் பார்த்ததும் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவள் ஸ்கார்ஃபைக் கழற்றி மடித்து மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது இன்னும் அங்கேயே இருந்தது.

"மாஸ்டர், அந்தப் பொண்ணுதான் கட்டிச்சா?" என்று கேட்டார் வரதன்.

கஸ்பார் அண்ணாந்து கொடியைப் பார்த்தார். "நான்தான் பாக்கலன்னு சொன்னேனே."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உஸ்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் முடிச்சைப் போனில் நாலு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். உஸ்மாவுக்கு அது இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த வரதனுக்கு இல்லை. திருவொற்றியூர் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

"பாஸ், ஆமென் சொல்லிட்டு தொறங்க. யாருனா உங்களயும் கட்டிட போறாங்க."

"வண்டிய பாத்து ஓட்டும்மா."

காத்திவாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டி ஓலைக் கொட்டகை. அங்கே ஜோதிகாவின் அத்தை கன்னியம்மா காலை நீட்டி மணலில் உட்கார்ந்து புது வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீருடையோடு ஜோதிகா, மிதவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஸ்கார்ஃப் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கண் சிவந்திருந்தது.

வரதன் தன் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை.

"நான்தான் கட்டினேன்" என்றாள் ஜோதிகா.

வரதன் நோட்டை மூடினார். பத்து வருஷத் தொழிலில் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்தது இதுதான் முதல் தடவை. "சரி, கேஸ் முடிஞ்சுது."

"இன்னா முடிஞ்சுது?" என்றாள் உஸ்மா. "ஏன் கட்டின ஜோதிகா?"

"கையெழுத்து போடல. கோவம். கட்டிட்டேன்."

"அவரு நெளியக்கூட இல்லியா?"

"ஜெபம் பண்ணிகினு இருந்தாரு."

அதைச் சொல்லும்போது அவள் உதடு லேசாகக் கோணியது. அழப் போகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று உஸ்மாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நான் விடிகாலைல மீன் ஏலத்துக்குப் பூட்டேன்" என்றாள் கன்னியம்மா. "இவ எப்ப எழுந்தா, எப்ப ரயிலேறினான்னு எனக்குத் தெரியாது. ஆனா இவ அப்டி செய்ற பொண்ணு இல்ல நைனா. எங்க, அந்த முடிச்சக் காட்டு."

உஸ்மா போனை நீட்டினாள். கன்னியம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நாலு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் துப்பினாள்.

"இவ கட்டினதா இத்த? இத்த இவ கட்டியிருந்தா இன்னிலேர்ந்து இவளுக்கு நான் சோறு போட மாட்டேன். எங்க முடிச்சுதான். ஆனா கலீஜா கீது. பாத்து கத்துகினவன் போட்டது. அதுவும் நின்னுகினு போட்டுகீறான்."

"நின்னுகினா?" வரதன் நோட்டை மறுபடி திறந்தார்.

"இது குந்திகினு போடற முடிச்சு நைனா. இதோ பாரு." அவள் தன் இடுப்பைக் காட்டினாள். கயிறு அவள் இடுப்பைச் சுற்றி வந்து, நீட்டிய காலின் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. காலை அழுத்தினால் கயிறு விறைத்தது, மடக்கினால் தளர்ந்தது. விறைத்த கயிற்றில் அவள் விரல்கள் இரண்டு சுற்று போய்வந்தன, முடிச்சு விழுந்தது. வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள், முடிச்சு இல்லை. "கடல்ல எவ்ளோ இழுத்தாலும் வுடாது. நம்ம வாலை இழுத்தா ஒடனே வுட்டுடும். நின்னுகினு போட்டா எப்டி வரும்? சொம்மா மாட்டிக்கும்."

உஸ்மா அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவின் செருப்பு ஒரு ஓரமாகக் கிடந்தது. வெறுங்கால். உஸ்மா மெதுவாக வரதன் பக்கம் திரும்பினாள். வரதனும் அதே விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறும்பு" என்றார் வரதன்.

"எறும்புதான் பாஸ்" என்றாள் உஸ்மா. பிறகு ஜோதிகாவிடம் குனிந்து, "உனக்குக் காலைலயே தெரியும், இல்ல?" என்று கேட்டாள்.

ஜோதிகா ஒரு மிதவையைக் கையில் உருட்டினாள். "நான்தான் கட்டினேன்னே எழுதிக்கங்கக்கா."

"எழுதிக்கலாம். உன் கார்டு எங்க?"

"பையில கீது."

"எடுத்துகினு வண்டில ஏறு. பாஸ், நீங்க ஷேர் ஆட்டோல வாங்க."

"நான்தானம்மா டிடெக்டிவ்" என்றார் வரதன் பரிதாபமாக. ஸ்கூட்டர் அதற்குள் திரும்பிவிட்டது. கடைசியில் மூன்று பேரும் அதிலேயே போனார்கள். வழியில் எந்தப் போலீஸ்காரரும் பார்க்கவில்லை என்பது மாதாவின் கருணை.

மைதானத்துக்கு வரும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம். தேர்வாளர் லோகநாதன் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர், கையில் அட்டை, அட்டையில் படிவம். அவர் சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்ட, கஸ்பார் டீ கிளாஸை வலது கைக்கு மாற்றி, கட்டுண்டபடியே கை குலுக்கினார்.

"இது எந்த ஐட்டம்?" என்று கேட்டார் லோகநாதன், கயிற்றைப் பார்த்து.

"ஆபத்தில் மாட்டியவரை மீட்டல் சார்" என்றான் பென்னி. பொய் சொல்லத் தெரியாத பையன், காது சிவந்துவிட்டது.

"ரொம்ப தத்ரூபமா இருக்கு." லோகநாதன் படிவத்தில் எழுதிக்கொண்டார். "சரி, மீட்டுக் காட்டுங்க."

ஒருவரும் அசையவில்லை. லோகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். கஸ்பாரின் நெற்றியில் வேர்வை பூத்தது.

அப்போது ஜோதிகா வரிசையைத் தாண்டி முன்னால் வந்தாள். "சார், இது ஐட்டம் இல்ல. மாஸ்டர கட்டினது நான்தான். அவரு மேல தப்பு இல்ல."

லோகநாதனின் பேனா நின்றது. "மாஸ்டரையே கட்டிப்போட்ட பொண்ணா? உனக்குத் தேர்வு கிடையாதும்மா. உன் பேரையே குழுவிலேர்ந்து எடுக்கணும். கஸ்பார், இது உண்மையா?"

வரதன் தொண்டையைச் செருமினார். ஒரு ஷூ, ஒரு கட்டைவிரல், மூன்று விதிகள் என்று ஸ்கூட்டரில் நசுங்கிக்கொண்டே அவர் தயாரித்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது. உஸ்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பாஸ், வேணாம். அவரே சொல்லட்டும். அவரு சொன்னாதான் அந்தப் பொண்ணுக்கு மரியாதை."

"சொல்லலன்னா?"

"அப்பால நீங்க உதார் வுடுங்க."

கஸ்பார் ஜோதிகாவைப் பார்த்தார். அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தார். மேடைமேல் மடித்துவைத்த ஸ்கார்ஃபைப் பார்த்தார். வெறுங்காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டைவிரலில் கயிறு அழுந்திய தடம் சிவப்பாக வளையம் போட்டிருந்தது.

"கட்டினது நான் சார்" என்றார்.

"யாரை?"

"என்னதான்."

ரோசி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள், தெரியாவிட்டாலும்.

"வியாழக்கிழமை இந்தப் பொண்ணு போட்ட முடிச்சு புத்தகத்துல இல்ல. அதனால ஃபெயில் பண்ணிட்டேன். வூட்டுக்குப் போனா தூக்கம் வரல சார். வின்ச்சுல முப்பது வருசம் கயிறோட இருந்தவன், அந்த மாதிரி ஒரு முடிச்ச நான் பாத்ததே இல்ல. காலைல யாரும் வர்றதுக்குள்ள போட்டுப் பாக்கலாம்னு வந்தேன். ஷூவ அவுத்தேன். கால் வெரல்ல மாட்டி, குந்திகினு போடணும்னு இந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு. கொடிக்கு அடில எப்டி குந்தறது? அதான் கம்பத்துல சாஞ்சுகினு, கயித்த கம்பத்தோட சேத்து இடுப்புல சுத்தி, ஒத்தக்கால்ல நின்னு போட்டேன்." "கால எறக்கினேன். மாட்டிக்கிச்சு. பசங்க வந்துட்டாங்க. வெட்கமா பூடுச்சு. எல்லாரும் இவள பாத்தப்ப இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. அது பெரிய தப்பு சார்."

லோகநாதன் படிவத்தைப் பார்த்தார். இதை எழுத அதில் கட்டம் இல்லை.

"நீ ஏன்மா பழிய உன் மேல போட்டுகின?" என்று வரதன் ஜோதிகாவைக் கேட்டார். எதையாவது கேட்டால்தான் துப்பறிவாளராக வந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"காலைல ஷூவ பாத்ததுமே எனக்கு தெரிஞ்சுச்சு சார். என் முடிச்ச கத்துக்கத்தான வந்துகீறாரு. அத சொன்னா எல்லாரும் மாஸ்டர பாத்து சிரிப்பாங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரா சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. அழுகையா வந்துச்சு, பூட்டேன்."

கஸ்பார் தொப்பியைக் கழற்றினார்.

"மாஸ்டர், குந்துங்க" என்றாள் ஜோதிகா.

"எங்க?"

"இங்கயேதான். குந்தினா கயிறு தளரும். அவ்ளோதான் மேட்டரு. காலைலயே குந்தியிருந்தா அப்பவே வுட்டிருக்கும்."

உஸ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து எண்ணெய், தண்ணீர், போலீஸ், புத்தகம் எல்லாம் வந்து போன இடத்தில், ஒரு மனிதன் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் சுவரைப் பார்த்துவிட்டு வாயை மூடியிருப்பார்கள்.

கஸ்பார் சுவரைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, மூட்டுகள் கடகடக்க, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கொடிக்கு அடியில் உட்கார்ந்தார். ஜோதிகா எதிரில் மண்டியிட்டு, கயிற்றை எடுத்து அவர் கட்டைவிரலில் மாட்டினாள். "அழுத்துங்க. இப்ப மடக்குங்க." வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

கயிறு மடியில் விழுந்தது.

கஸ்பார் எழுந்தார். ஒற்றை ஷூவோடு மைதானத்தைக் குறுக்கே கடந்து கழிப்பறைக்கு ஓடினார். காலையிலிருந்து ஏழு டீ என்று ரோசி விளக்கம் கொடுத்தாள். அவர் திரும்பி வரும்வரை மாவட்டத் தேர்வாளரும் பன்னிரண்டு சாரணர்களும் விறைப்பாக நின்று காத்திருந்தார்கள்.

வந்தவர் முதலில் கார்டை வாங்கினார். முதுகைத் திருப்பச் சொல்லி, வரதன் முதுகின்மேல் வைத்து அதில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கேஸில் வரதனுக்குக் கிடைத்த முக்கியமான வேலை அதுதான் என்று உஸ்மா பிறகு பல நாள் சொல்லிக் காட்டினாள். அடுத்து ஸ்கார்ஃபை எடுத்து மண்ணைத் தட்டி, ஜோதிகாவின் கழுத்தில் அவரே போட்டுவிட்டார்.

"மன்னிச்சுடும்மா" என்றார். எல்லார் காதிலும் விழும்படியாகவே சொன்னார்.

ஜோதிகா தலையை ஆட்டினாள். ஸ்கார்ஃபின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தேர்வு தொடங்கலாமா?" என்றார் லோகநாதன். சொன்னாரே தவிர, அவர் கண் கீழே கிடந்த கயிற்றைவிட்டு நகரவில்லை. அப்படியும் இப்படியும் பார்த்தார். அட்டையை ரோசியிடம் கொடுத்தார். கொடிக்கு அடியில் மெதுவாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

உஸ்மா ஸ்கூட்டர் சாவியை வரதனிடம் நீட்டினாள். "பாஸ், நீங்க கெளம்புங்க. நான் இத்த பாத்துட்டுதான் வருவேன்."

கஸ்பார் தன் வெறுங்காலைப் பார்த்தபடி ஜோதிகாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எனக்கு அது இன்னும் சரியா வரல. நாளைக்கும் ஆறு மணிக்கு வரட்டா?"

"வாங்க மாஸ்டர்" என்றாள் ஜோதிகா. "செருப்பு போட்டுகினு வாங்க."